எங்கள் வேனின் முன் சீட்டு

எனக்குப் பொறாமை கொஞ்சம் அதிகம். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. பிறவியிலேயே இருந்ததா, கல்யாணமாகி ஓரகத்தி என்று ஒருத்தி வாய்த்த பிறகு வந்ததா என்பதுதான் சரியாகத் தெரியவில்லை.

சோலூரில் எங்களுக்கு ஒரே வாசலில் இரண்டு வீடு. ஒன்றில் நானும் என் வீட்டுக்காரரும். அடுத்ததில் அவருடைய தம்பியும் தம்பி மனைவியும். அண்ணனும் தம்பியும் சேர்ந்து கேரட், பீட்ரூட், கோஸ் என்று போடுகிறார்கள். நான் ஊட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஓரகத்தி தோட்டத்தையும் பார்த்துக்கொண்டு வீட்டையும் பார்த்துக்கொள்கிறாள். கீழே அன்னூர்ப் பக்கத்துக்காரி, என்னைவிடச் சின்னவள், வாய் நிறைய 'அக்கா' என்று கூப்பிடுவாள். எங்களுக்குள் சண்டை என்று ஒன்று வந்ததே இல்லை. வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

பனிக்காலத்தில் பொழுது சாய்ந்ததும் நாலு பேரும் அவர்கள் வீட்டில் கணப்புச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்துவிடுவோம். பேச்சு கேரட் விலையில் தொடங்கினாலும் யார் என்ன வாங்கினார்கள் என்பதில்தான் போய் நிற்கும். எங்களுக்கு அது ஒரு பொழுதுபோக்கு. நான் எதை வாங்கினாலும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன். சாதாரணக் கம்பளியாக இருந்தாலும் அந்தக் கடையிலேயே கடைசியாக இருந்த ஒன்று என்பேன். ஓரகத்தி நேர் எதிர். புது மிக்சி வாங்கினால், பழையது ரொம்பச் சத்தம் போட்டது, அதனால்தான் என்பாள். பட்டுச் சேலை எடுத்தால், தள்ளுபடியில் கிடந்தது என்பாள். பெரிய ஃபிரிட்ஜ் வந்து இறங்கியபோதுகூட, இந்த ஊர்க் குளிரில் இது எதற்கு என்று தனக்கே புரியவில்லை என்று சொல்லிச் சிரித்தாள். அப்படிச் சொல்லிவிட்டு என் கம்பளியைத் தடவிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று மனதாரச் சொல்வாள். அவள் அப்படி மனதாரச் சொல்வதில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்படித்தான் ஒருநாள், கொழுந்தனார் ஒரு பழைய வேன் எடுத்திருக்கிறார் என்ற சேதியையும் அவள் போகிற போக்கில் சொன்னாள்.

"சும்மா ஒரு பழைய வண்டிங்கக்கா. மூட்டை ஏத்த ஆகும்னு எடுத்தாருங்க."

மறுநாள் வேன் வாசலுக்கு வந்தது. சும்மா வண்டியாக அது இல்லை. வெள்ளை நிறம், உள்ளே சீட்டெல்லாம் கிழியாமல், குன்னூரில் ஒரே ஆள் கையில் இருந்த வண்டி. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். கண்ணாடியில் சந்தனம் வைக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். நான் சந்தனத்தை நன்றாகத்தான் வைத்தேன். வயிறு எரிந்துகொண்டிருந்தது என்பது வேறு விஷயம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பழைய வேன் பார்க்கிற பைத்தியம் என் வீட்டுக்காரருக்குத்தான். ஊட்டி, குன்னூர், கூடலூர் என்று எங்கே வேன் விற்பனைக்கு நின்றாலும் ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்விடுவார். கதவைத் திறந்து மூடிச் சத்தம் கேட்பார். கால்மிதியைத் தூக்கித் தகட்டை விரலால் தட்டுவார். அப்புறம் வீட்டுக்கு வந்து கணப்பு முன்னால் உட்கார்ந்து அந்த வண்டியின் குறைகளை நிதானமாக எடுத்து வைப்பார். மலையில் ஓடிய வண்டியை மட்டும் எடுக்கவே கூடாது என்பது அவர் கட்சி. பனியில் அடித்தகடு அரித்திருக்கும், மேடு ஏறி ஏறிக் கிளட்ச் தேய்ந்திருக்கும், எடுத்தால் கீழே சமதரையில் ஓடிய வண்டியைத்தான் எடுக்க வேண்டும் என்பார். இதையெல்லாம் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்த தம்பி, ஒரே நாளில் போய்க் குன்னூர் வண்டியைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். அது தேர் மாதிரி ஓடியது. எங்கள் வாசலில்தான் நின்றது. தினமும் காலையில் பஸ்ஸுக்கு ஓடும்போது அதைச் சுற்றிக்கொண்டுதான் நான் போக வேண்டியிருந்தது.

ஆனால் வேன் மட்டும் என்றால் நான் இத்தனை புகைந்திருக்க மாட்டேன். என் பொறாமை வேனில் இல்லை, முன் சீட்டில் இருந்தது.

மலையில் வண்டி ஏறுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வளைவில் யாருக்கு வாந்தி வருமோ அவர்களுக்கு முன் சீட்டு. பஸ்ஸானாலும் ஜீப்பானாலும் இதை யாரும் கேள்வி கேட்பதில்லை. நான் குன்னூரில் பிறந்து வளர்ந்தவள். எத்தனை வளைவு வந்தாலும் என் வயிறு அசையாது, பரோட்டா தின்றுவிட்டுக்கூட வண்டி ஏறுவேன். ஓரகத்தி கல்யாணமாகி முதல் முதலில் மலை ஏறியபோது பர்லியாரில் ஆரம்பித்து வீடு வந்து சேரும் வரை வாந்திதான். அன்றிலிருந்து முன் சீட்டு அவளுக்கு என்று ஆகிவிட்டது. அப்போது எங்களிடம் ஒரு ஜீப் இருந்தது. ஓட்டுவது என் வீட்டுக்காரர். வீட்டில் அவர் எதிரே வந்தால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நிற்பவள், ஜீப்பில் அவர் பக்கத்தில் கையில் ஒரு எலுமிச்சம்பழத்தோடு உட்கார்ந்திருப்பாள். வாந்திக்கு முறை தெரியுமா என்ன. நானும் கொழுந்தனாரும் பின்னால் கேரட் மூட்டைகளுக்கு நடுவில் குலுங்கிக்கொண்டு வருவோம். நல்ல வயிறு வாய்த்ததற்கு எனக்குக் கிடைத்த இடம் அது.

இதில் என்ன போயிற்று என்று கேட்கலாம். என் வீட்டுக்காரர் வீட்டில் பேச மாட்டார். சாப்பாடு எப்படி என்று கேட்டால் தலையசைப்பு. ஸ்கூலில் நடந்ததைச் சொன்னால் ஒரு 'ம்'. வேனின் குறைகளைத் தவிர வேறெதற்கும் அவர் நாக்கு புரளாது. ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் அவர் வேறு மனிதர். வளைவுக்கு ஒரு கதை வரும். பின்னால் இருக்கிற எனக்கு இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது, இருவரும் சிரிப்பது மட்டும் கேட்கும். என்னவென்று இறங்கியதும் கேட்டால், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். அப்புறம் அந்த ஜீப்பையும் விற்றுவிட்டோம். அதோடு அவர் பேச்சும் போயிற்று.

கொழுந்தனார் வேன் வாங்கின பனிக்காலத்தில் ஒருநாள், மசினகுடியில் டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிற பையன்களைப் பற்றிப் பேச்சு வந்தது. ஓரகத்தி கணப்பைக் கிளறிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"மாமாகூட ஊட்ல சொல்லாம மசினகுடிக்கு ஓடிப்போயி ஜீப் ஓட்டுனவருதானுங்களே."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கணப்பைப் பார்த்தார். எங்களுக்குக் கல்யாணமாகி மகனே வேலைக்குப் போய்விட்டான். இவர் மசினகுடிக்கு ஓடிப்போனார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எப்போது என்றேன். அது ரொம்ப முன்னாடி என்று சொல்லிவிட்டு விறகு எடுத்து வர எழுந்து போய்விட்டார். என் புருஷனைப் பற்றி எனக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இன்னும் என்னென்ன தெரியுமோ. அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காலையில் எழுந்ததும் நமக்கும் ஒரு வேன் வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டேன். எதற்கு என்றார். நான் தோட்டம், லோடு, என் பஸ் அலைச்சல் என்று வரிசையாகச் சொன்னேன். உண்மையைச் சொல்ல முடியுமா? எனக்கு முன் சீட்டு வேண்டும். நீங்கள் ஓட்ட வேண்டும், நான் பக்கத்தில் உட்கார வேண்டும், நீங்கள் பேச வேண்டும், அதை நான் முதலில் கேட்க வேண்டும். இதைச் சொன்னால் இந்த வயதில் இது என்ன என்று சிரிப்பார். அதனால் பஸ் அலைச்சலையே பிடித்துக்கொண்டேன். கோடை வருவதற்குள் அவர் வழிக்கு வந்துவிட்டார்.

அவர் கட்சிப்படியே அவிநாசிப் பக்கத்தில் ஒரு வேன் கிடைத்தது. சாம்பல் நிறம், மலையே ஏறாத வண்டி, அடித்தகட்டில் ஒரு பொட்டுத் துரு இல்லை. விற்பவர் மேட்டுப்பாளையம் வரை கொண்டுவந்து தருவதாகச் சொன்னார். நாலு பேரும் கொழுந்தனாரின் வேனில் மலை இறங்கினோம். ஓரகத்தி முன்னால், நாங்கள் பின்னால். எனக்கு அன்றைக்கு அது உறைக்கவே இல்லை. திரும்பி வரும்போது நாங்கள் இருவர் மட்டும் எங்கள் வேனில் வரப்போகிறோம். நான் அதற்காகவே புதுச் சேலை கட்டியிருந்தேன்.

மேட்டுப்பாளையத்தில் வண்டி கைக்கு வந்தது. கோயில் முன்னால் நிறுத்திப் பூஜை போட்டோம். இதற்குள் கொழுந்தனார், கீழே வந்ததுதான் வந்தோம் என்று தன் வேனில் உர மூட்டை ஏற்றிவிட்டார். அதோடு நிற்கவில்லை. கோஸ் நாற்றுத் தட்டுகளை மூட்டைமேல் வைத்தால் நசுங்கும் என்று முன் சீட்டில் அடுக்கிவிட்டார். ஓரகத்தி பைக்குள்ளிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு நேராக எங்கள் வேனுக்கு வந்தாள். தான் எங்கே உட்கார வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. முன் கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள். என் வீட்டுக்காரர் அவளுக்காகக் கண்ணாடியை இறக்கிவிட்டார். நான் புதுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினேன். பரவாயில்லை, ஒன்றும் சொல்லாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கல்லாறு வருவதற்குள்ளேயே அவர் முதல் கதையை ஆரம்பித்துவிட்டார்.

கல்லாறு செக்போஸ்டில் வண்டியை ஓரம்கட்டச் சொன்னார்கள். இ-பாஸ் எங்கே என்றார்கள். மலைக்கு வருகிற வெளியூர் வண்டிக்கெல்லாம் அது வேண்டும். எங்களுக்குத் தெரியாததா, எத்தனை டூரிஸ்ட் வண்டி அதற்காக ஓரமாக நிற்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தாண்டிப் போயிருக்கிறோம். நீலகிரி நம்பர் வண்டிகளிலேயே போய் வந்து, அது எங்களையும் கேட்கும் என்பது மண்டையில் ஏறவே இல்லை. துருப்பிடிக்காத வண்டி பார்த்தவர் நம்பரைப் பார்க்கவில்லை. கொழுந்தனார் கையை ஆட்டிவிட்டு உர மூட்டைகளோடு முன்னே போய்விட்டார்.

"நம்ம ஊடே மேலதானுங்க," என்றார் என் வீட்டுக்காரர்.

உள்ளூர்க்காரர்களுக்குத் தனியாக வாங்கிக்கொள்ளலாம், இன்றைக்கு இதைப் போட்டுவிட்டுப் போங்கள் என்று அங்கிருந்தவர் பொறுமையாகச் சொன்னார். நான் போனை எடுத்து ஓரமாக நின்று நிரப்பினேன். எதற்காக வருகிறீர்கள், எத்தனை நாள் தங்குவீர்கள் என்று கேட்டது. குன்னூரில் பிறந்தவளை எத்தனை நாள் தங்குவாய் என்று கேட்கிறது. திரும்பி வேனைப் பார்த்தேன். அன்னூர்க்காரி முன் சீட்டில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தாள். என் வீட்டுக்காரர் கையை ஆட்டி ஏதோ சொல்ல, அவள் வாயைப் பொத்திச் சிரித்தாள். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது.

பர்லியார் பழக்கடைகள் தாண்டியதும் நான் முன்னால் குனிந்து அவர் தோளைத் தொட்டேன்.

"ஏனுங்க, சித்தெ நிறுத்துங்க. எனக்கு ஒரு மாதிரி வருதுங்க."

வண்டி நின்றது. இருவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்கு வாந்தி வரும் என்று அந்த மலையே இறங்கி வந்து சொன்னாலும் நம்பாதவர், அன்றைக்கு நம்பிவிட்டார். இறங்கி வந்து என் முதுகைத் தடவினார், தண்ணீர் கொடுத்தார். வெயிலில் நின்றதுதான் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். ஓரகத்தி உடனே முன் சீட்டிலிருந்து இறங்கி, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை என்னிடம் நீட்டினாள்.

"இந்தாங்கக்கா. மோந்துட்டே வாங்க, செரியாப் போயிரும்."

இப்படியாக நான் முன் சீட்டில் உட்கார்ந்தேன். எங்கள் வேன், என் வீட்டுக்காரர், நான். நாடகம் போட்டாலும் பரவாயில்லை, இடம் கிடைத்தது. வாந்தி வருகிறவள் ரோட்டை வேடிக்கை பார்த்துக்கொண்டு வர முடியாதே என்பது உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது. கண்ணை மூடிச் சீட்டில் சாய்ந்துகொண்டேன். அவர் வண்டியை மெதுவாக விட்டார். வளைவு வந்தது, கதை வரவில்லை. அடுத்த வளைவும் வந்தது. ரயில் கூவியது, அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. பின்னாலிருந்து ஓரகத்தி ஏதோ கேட்க, "மெல்லப் பேசு, அக்கா தூங்கட்டும்" என்றார். அப்புறம் இருவரும் என்னைத் தாண்டிக் குசுகுசுவென்று பேசிக்கொண்டு வந்தார்கள். முன்பு சிரிப்புச் சத்தமாவது கேட்டது.

அப்போதுதான் அந்த எலுமிச்சம்பழம் கையில் உறுத்தியது. குமட்டுகிறவர்கள் எலுமிச்சையைச் சும்மா வைத்திருக்க மாட்டார்கள். நகத்தால் கீறிக் கீறி மோப்பார்கள். ஊட்டி பஸ்ஸில் தினமும் பார்க்கிறேன், இறங்கும்போது பழம் முழுக்க நகக்குறியாக இருக்கும். விரலால் தடவிப் பார்த்தேன். இது வழவழவென்று இருந்தது. தோல் காய்ந்து இறுகிப்போயிருந்தது. பல நாளாகப் பைக்குள்ளேயே கிடந்த பழம், ஒரு கீறல் இல்லை.

பின்னால் மொடுக் மொடுக்கென்று ஏதோ உடைகிற சத்தம். ஒரு கண்ணை லேசாகத் திறந்து மேலே இருந்த கண்ணாடியில் பார்த்தேன். இருக்கிற வளைவிலேயே மோசமான வளைவில் வண்டி திரும்பிக்கொண்டிருந்தது. ஓரகத்தி மடியில் பொட்டலத்தை வைத்து வறுத்த கடலையை உடைத்து உடைத்துத் தின்றுகொண்டிருந்தாள். கண்ணாடியில் அவள் கண்ணும் என் கண்ணும் பார்த்துக்கொண்டன. அவள் கடலை தின்பதை நிறுத்தவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

குன்னூரில் டீ குடிக்க நிறுத்தினோம். அவர் கடைக்குள் போனார். ஓரகத்தி என் பக்கத்துக் கதவருகே வந்து நின்று, சேலையில் ஒட்டியிருந்த கடலைத் தோலைத் தட்டிவிட்டாள். அவர் காதில் விழாத தூரத்தில் இருக்கிறாரா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"இனி கண்ணைத் தொறந்துட்டே வாங்கக்கா, ஒண்ணும் பண்ணாது. நானு மொத ரெண்டு வருசந்தான் மூடிட்டு வந்தேன்."

சொல்லிவிட்டு டீ வாங்கப் போய்விட்டாள். ரெண்டு வருஷம்தானாம். அப்புறம் அத்தனை வருஷமும் நான் மூட்டைக்கு நடுவில் குலுங்கியிருக்கிறேன். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யாரிடம் காட்டுவது? அவளுடைய பொய்யைச் சொன்னால் என்னுடையதும் சேர்ந்து வெளியே வரும். பழம் இன்னும் என் கையில்தான் இருந்தது.

குன்னூர் தாண்டியதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சரியாகிவிட்டதா என்று கேட்டார். ஆகிவிட்டது என்றேன். முன் கண்ணாடி முழுக்க ரோடும் தேயிலையும் வந்துகொண்டிருந்தன. முன் சீட்டிலிருந்து இதெல்லாம் இப்படித்தான் தெரியுமா என்று நினைத்துக்கொண்டேன். இனித் தள்ளிப்போடக் கூடாது என்று நேராகக் கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க, மசினகுடிக்கு எதுக்கு ஓடிப்போனீங்க?"

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்ததால் அவர் பேசினார். அப்பா ஒரு பெண்ணைப் பேசி முடித்துவிட்டாராம். இவரை ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். அந்த ஆத்திரத்தில் போய்விட்டாராம். அங்கே ஒரு மாலை, ஆட்களை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பும்போது காட்டு ரோட்டில் யானை நடுவில் நின்றுவிட்டதாம். பின்னால் போக இடமில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாராம். அதுவும் நின்றதாம், இவரும் இருந்தாராம். நான் மூச்சுவிடாமல் கேட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் எனக்குச் சொன்ன முதல் கதை அது. அந்தப் பெண் யார் என்று கேட்க வேண்டியதே இல்லை.

"அப்ப மனசுக்குள்ள ஒண்ணு நெனச்சேன்," என்றார். எதிரே பஸ் வந்ததால் நிறுத்திவிட்டு ஒதுங்கி வழிவிட்டார்.

பின்னாலிருந்து ஓரகத்தி முடித்து வைத்தாள்.

"இது மட்டும் உட்டுட்டுப் போயிருச்சுன்னா, நேரா ஊட்டுக்குப் போயி அந்தக் குன்னூர்ப் புள்ளையவே கட்டிக்கறேன்னு நெனச்சாருங்கக்கா."

"ஆமா," என்றார் அவர்.

நான் எலுமிச்சம்பழத்தை நகத்தால் நன்றாகக் கீறி மூக்கில் வைத்துக்கொண்டேன். அப்போதுதான் எனக்கு நிஜமாகவே குமட்டிக்கொண்டு வந்தது.